மார்கழியில் எண்ணிய சந்தி: ஒரு கலியாண மண்டபத்தின் போக்குவரத்துக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் கலியாண மண்டபம் கட்ட விண்ணப்பித்திருந்தார்கள். காணி எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். 500 பேர் இருக்கக்கூடிய மண்டபம், கீழே சாப்பாட்டுக் கூடம். அந்த ஒழுங்கையில் இரண்டு வான்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று மதிலோடு ஒட்டி நின்று மற்றதுக்கு வழிவிட வேண்டும். ஒழுங்கை முகப்பில் ஒரு பலசரக்குக் கடை, கொஞ்சம் உள்ளே போனால் ஒரு ரியூசன் நிலையம். பெயர்களை நான் எழுதவில்லை. இப்படிப்பட்ட ஒழுங்கை நல்லூரிலும் உண்டு, கொக்குவிலிலும் உண்டு, திருநெல்வேலியிலும் உண்டு.

விண்ணப்பத்தோடு ஒரு போக்குவரத்துத் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் இணைக்கப்பட்டிருந்தது. அயலவர்கள் அதன் பிரதியை என்னிடம் கொண்டுவந்து, "இதில என்ன சொல்லியிருக்கு எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார்கள். வீதி வேலையோடு பல வருடம் பழகியவன் என்பதால் என்னிடம் வந்தார்கள். அறிக்கை தடிப்பாக இருந்தது. அட்டவணைகள் ஒழுங்காக இருந்தன. முடிவு ஒரே வரி: ஒழுங்கை பலாலி வீதியில் ஏறும் சந்தியின் சேவைத் தரம் (வாகனங்கள் அங்கே எவ்வளவு தாமதிக்கின்றன என்பதற்கு இடும் எழுத்து) இப்போது 'பி', மண்டபம் வந்த பிறகும் 'பி', ஆகவே குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை.

நான் முதலில் தேடியது வாகனம் எண்ணிய திகதியை. பின்னிணைப்பில் இருந்தது. மார்கழியில் ஒரு புதன்கிழமை.

யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மார்கழியில் கலியாணம் இல்லை. பாடசாலைகளுக்கு விடுமுறை, ரியூசனும் அடங்கிப்போகும் காலம். வடகீழ்ப் பருவமழை இன்னும் விட்டிருக்காது. கலியாண மண்டபத்தின் தாக்கத்தை அளக்க ஒரு வருடத்தில் மிகப் பொருத்தமில்லாத வாரம் எது என்று கேட்டால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"ஓம் தம்பி, ரெண்டு பொடியள் குடையோட வந்து நிண்டு எழுதினவை. காலமை ஏழிலயிருந்து ஒன்பது மட்டும். பிறகு பின்னேரம் நாலுக்கு வந்து ஆறு மட்டும் நிண்டவை. நான்தான் தேத்தண்ணி குடுத்தனான்."

"சனம் இருந்ததோ அண்ணை?"

"எங்க சனம்? நல்ல மழை. பள்ளிக்கூடமும் இல்லை. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நில்லுங்கோவன். அப்ப தெரியும்."

எண்ணிய பிள்ளைகளில் பிழை இல்லை. அவர்களுக்குக் கொடுத்த நேரத்தில் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். பிழை, அந்த நேரத்தை யார் எதை வைத்துத் தீர்மானித்தார் என்பதில் இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் இந்த மதிப்பீடு எப்படிச் செய்யப்படுகிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

கணக்கு எப்படி ஓடுகிறது

உலகம் முழுக்க வழி ஏறத்தாழ ஒன்றுதான். இப்போது வீதியில் ஓடுகிற வாகனங்களை எண்ணுவார்கள். புதிய கட்டிடம் எத்தனை பயணங்களை உண்டாக்கும் என்று கணிப்பார்கள். அவை எந்தத் திசையிலிருந்து, எந்த வாகனத்தில், எந்தத் தெருவால் வரும் என்று பிரிப்பார்கள். இரண்டையும் கூட்டி, சந்தி அதைத் தாங்குமா என்று பார்ப்பார்கள். தாங்காவிட்டால், கட்டுபவர் என்ன திருத்தம் செய்ய வேண்டும் என்று எழுதுவார்கள்.

இந்தச் சங்கிலியில் 'சேவைத் தரம்' என்பது கடைசிக் கண்ணி. அமெரிக்காவின் நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடு 1950இல் முதன்முதலாக வந்தது. 1965ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 'ஏ' தொடக்கம் 'எஃப்' வரையான எழுத்துகள் புகுந்தன. சமிக்ஞை விளக்கு இல்லாத சந்தியில் ஒரு வாகனம் சராசரியாக 10 விநாடிக்குள் கடந்தால் 'ஏ', 10 தொடக்கம் 15 வரை 'பி', 50 விநாடியைத் தாண்டினால் 'எஃப்'. பள்ளிக்கூடப் புள்ளி அட்டை போல யாருக்கும் உடனே விளங்கும். அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது.

எழுத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைக் காட்ட ஒரு சின்னக் கணக்கு. இங்கிருந்து வரும் எண்கள் எவரும் வீதியில் எண்ணியவை அல்ல, வழிமுறை விளங்குவதற்காக நான் எடுத்துக்கொண்ட வட்ட எண்கள். ஒழுங்கை வாயிலால் ஆறு விநாடிக்கு ஒரு வாகனம் ஏற முடியும் என்று வைப்போம். மணிக்கு 600. வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய சூத்திரப்படி, கொள்ளளவில் இருந்து வருகிற வாகனங்களைக் கழித்து, 3,600 விநாடியை அந்த மிச்சத்தால் பிரித்தால் ஒரு வாகனம் அங்கே செலவழிக்கும் சராசரி நேரம் வரும். மணிக்கு 300 வந்தால் 12 விநாடி. இன்னொரு 30 கூடினால் 13 விநாடி சொச்சம். இரண்டும் 'பி'தான், ஒருவரும் உணரமாட்டார்கள். ஆனால் ஏற்கனவே 540 வருகிற இடத்தில் ஒரு வாகனம் 60 விநாடி நிற்கிறது. அங்கே அதே 30 கூடினால் 120 விநாடி.

இதில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. முதலாவது, 60 விநாடியும் 'எஃப்', 120 விநாடியும் 'எஃப்'. காத்திருப்பு இரட்டித்தாலும் எழுத்து மாறாது. எழுத்தை மட்டும் பார்க்கிற அதிகாரிக்கு ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். இரண்டாவது, தாக்கம் புதுக் கட்டிடத்தின் பருமனை மட்டும் பொறுத்ததல்ல, அது வந்து சேரும் வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதையும் பொறுத்தது. முதலில் கட்டிய பத்துப் பேர் சந்தியை நிரப்பிவிட்டுப் போகிறார்கள், பதினோராவது ஆளின் தலையில் முழுப் பழியும் விழுகிறது. நகரின் நடுவில் சின்னதாக எதையாவது கட்ட நினைப்பவருக்கு இது பெரிய தண்டனை. ஆளில்லாத வயல்வெளியில் பெரிதாகக் கட்டுபவருக்கு 'ஏ' கிடைக்கும்.

மண்டபம் எத்தனை வாகனத்தைக் கொண்டுவரும்?

அந்த அறிக்கை, ஆயிரம் சதுர அடிக்கு இத்தனை பயணம் என்ற வீதத்தை ஓர் அமெரிக்க அட்டவணையிலிருந்து எடுத்திருந்தது. அங்குள்ள போக்குவரத்துப் பொறியியலாளர் நிறுவகம் 1976 தொடக்கம் இப்படியான வீதங்களைத் தொகுத்து வெளியிடுகிறது. அதைக் குறை சொல்வதற்கு முன், அது இல்லாவிட்டால் பலர் வெறும் ஊகத்தில் எழுதியிருப்பார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த எண்களின் உறுதியை அமெரிக்கர்களே கேள்வி கேட்டிருக்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நகரத் திட்டமிடல் கற்பித்த டொனால்ட் ஷூப் ஓர் உதாரணம் காட்டினார். 1987ஆம் ஆண்டுப் பதிப்பில், காரில் இருந்தபடியே வாங்கிச் செல்லும் துரித உணவுக் கடைக்கு ஆயிரம் சதுர அடிக்கு நாளுக்கு 632.125 பயணங்கள் என்று இருந்தது. எட்டே எட்டுக் கடைகளைப் பார்த்துப் பெற்ற எண். கடையின் பரப்புக்கும் பயணங்களுக்கும் இடையே தொடர்பு அநேகமாக இல்லை என்பதை அதே பக்கத்தில் இருந்த புள்ளிவரைபே காட்டியது. ஆனாலும் மூன்று தசம தானம் வரை எழுதப்பட்டிருந்தது. தசம தானத்தைப் பார்த்ததும் நாம் நம்பிவிடுகிறோம்.

யாழ்ப்பாணத்துக் கலியாணம் சதுர அடியால் அளக்கிற காரியமே அல்ல. அதற்கு அலகு ஒன்றுதான்: எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 500 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வவுனியாவிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு பஸ்ஸில் 50 பேர். பத்து வான்களில் 100 பேர். 35 கார்களில் 140 பேர். 30 ஓட்டோக்களில் 90 பேர். 60 மோட்டார் சைக்கிள்களில் 120 பேர். மொத்தம் 136 வாகனம்.

இவற்றை ஒரே அலகுக்குக் கொண்டுவரப் பொறியியலாளர்கள் ஒவ்வொன்றையும் 'இத்தனை காருக்குச் சமம்' என்று மாற்றுவார்கள். இங்கேயும் எந்த அட்டவணை என்பது முக்கியம். இந்திய வீதிகள் காங்கிரஸ் 1990இல் நகர வீதிகளுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் மோட்டார் சைக்கிள் 0.5 அல்லது 0.75, ஓட்டோ 1.2 அல்லது 2, பஸ் 2.2 அல்லது 3.7. அந்த வகை வாகனம் வீதியில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் சிறிய எண், 10 சதவீதத்தைத் தொட்டால் பெரிய எண். கூட்டம் கூடக்கூட ஒரு மோட்டார் சைக்கிள் அடைக்கும் இடம் கூடுகிறது என்பதே கருத்து. நமது விருந்தாளிகளில் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் 10 சதவீதத்தை எப்போதோ தாண்டிவிட்டன. அப்படிப் போட்டால் 152 கார் அலகு வருகிறது. எல்லாவற்றுக்கும் சிறிய எண்ணைப் போட்டால் 113. யாருடைய பொய்யும் இல்லாமல், எந்த நிரல் என்ற தெரிவு மட்டுமே 39 கார்களை மறைத்துவிடுகிறது.

இன்னொன்றை அறிக்கை தொடவே இல்லை. ஓட்டோ ஆட்களை இறக்கிவிட்டு நிற்காது, உடனே திரும்பிப் போகும். அதே மணித்தியாலத்தில் அதே வாயிலால் இரண்டு தரம். 30 ஓட்டோக்கள் திரும்பும்போது இன்னொரு 60 அலகு. 152 இப்போது 212 ஆகிறது.

முகூர்த்தம் என்பது ஒரு மணித்தியாலம் அல்ல

அமெரிக்க நிறுவகத்தின் பரிந்துரைப்படி, உச்ச மணித்தியாலத்தில் உச்சத் திசையில் 100 பயணங்களைக் கூட்டுகிற கட்டிடத்துக்கு விரிவான மதிப்பீடு தேவை. எந்த உச்ச மணித்தியாலம்? பக்கத்து வீதியின் உச்சம். அலுவலகத்துக்குப் போய் வருகிற நகரத்துக்கு அது பொருந்தும். அந்த மரபில்தான் நமது அறிக்கையும் காலை ஏழு தொடக்கம் ஒன்பது, பின்னேரம் நாலு தொடக்கம் ஆறு என்று எண்ணியிருக்கிறது. யாழ்ப்பாணத்தின் வீதிகளோ வேறு மணிக்கூட்டில் ஓடுகின்றன. பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் பலாலி வீதியில் வெள்ளைச் சட்டைகள் நிறைந்திருக்கும். அந்த நேரம் அறிக்கையில் இல்லை. ஞாயிறு காலை ரியூசன் விடுகிற நேரமும் இல்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் கோவிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட, வாகனங்கள் அயல் ஒழுங்கைகளுக்குள் திரும்புகின்றன. அதுவும் இல்லை.

கலியாணத்தின் உச்சம் இன்னும் கூர்மையானது. தாலி கட்டும் நேரம் 9.40 என்று அழைப்பிதழில் இருந்தால், பாதிப் பேர் 9.15க்கும் 9.30க்கும் இடையில்தான் வந்து இறங்குவார்கள். 212 அலகில் பாதி, 106, பதினைந்து நிமிடத்தில். அந்தக் கால் மணிக்கு வீதியின் மேல் விழும் சுமை மணிக்கு 424 என்ற வேகத்தில் இருக்கிறது. கொள்ளளவுக் கையேடே பதினைந்து நிமிட உச்சத்தைப் பார்க்கச் சொல்கிறது. அறிக்கையோ மணித்தியாலச் சராசரியை எடுத்துப் பரப்பிவிட்டது. வரிசை மண்டப வாசலிலிருந்து ரியூசன் வாசலைத் தாண்டி நிற்குமா என்பதைச் சராசரி சொல்லாது. அயலவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான்.

வளர்ச்சி வீதத்தையும் சொல்லியாக வேண்டும். பத்து வருடத்துக்குப் பின் சந்தி எப்படி இருக்கும் என்று பார்க்க, கடந்த சில வருட வாகனப் பெருக்கத்தை நீட்டிப் போடுவது வழக்கம். ஆனால் இலங்கையில் 2020 மார்ச்சிலிருந்து தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது, 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. 2022இல் எரிபொருள் வரிசைகள், பிறகு கியூஆர் அட்டை, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். யாழ்ப்பாணம் மறுபடி சைக்கிளில் ஏறிய வருடம் அது. அந்த வருடங்களை அடித்தளமாக வைத்து வரைகிற கோடு தாழ்வாகத்தான் போகும். அறிக்கை அப்படித்தான் வரைந்திருந்தது.

சைக்கிள் பாதையை நிறுத்திய அளவுகோல்

அயலவர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "அப்ப சரியா எண்ணிப்போட்டு, 'எஃப்' எண்டு வந்தா மண்டபத்தை நிப்பாட்டலாம்தானே?" ஞாயமான கேள்வி. நான் சான் பிரான்சிஸ்கோவின் கதையைச் சொன்னேன்.

அந்த நகரம் 2005இல் ஒரு சைக்கிள் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. வீதிகளில் சைக்கிளுக்குத் தனிப் பாதை கோடிடுவது, சைக்கிள் நிறுத்தும் கம்பிகள் வைப்பது. உரிய சுற்றாடல் ஆய்வு செய்யவில்லை என்று வழக்கு வந்தது. 2006 ஜூனில் நீதிமன்றம் தடை விதித்தது. அப்போதைய முறைப்படி, சைக்கிள் பாதைக்காக ஒரு வாகன நிரலை எடுத்தால் கார்கள் எத்தனை விநாடி கூடத் தாமதிக்கும் என்பது சுற்றாடல் பாதிப்பாக எண்ணப்பட்டது. சந்தி சந்தியாக ஆராய்ந்து, தடை முழுதாக நீங்க 2010 ஆகஸ்ட் ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்கு மேல் ஒரு சைக்கிள் கம்பி நடவும் முடியவில்லை. காரின் தாமதத்தை அளக்கிற கருவி, சைக்கிளைச் சுற்றாடலின் எதிரியாகக் காட்டிவிட்டது.

கலிபோர்னியா இதிலிருந்து பாடம் படித்தது. 2013இல் ஒரு சட்டம் இயற்றி, கார்த் தாமதத்தைச் சுற்றாடல் பாதிப்பாகக் கொள்வதை நிறுத்த வழி செய்தது. சான் பிரான்சிஸ்கோ 2016 மார்ச்சில் மாறியது, மாநிலம் முழுவதும் 2020 ஜூலை 1 முதல் நடைமுறை. இப்போது அங்கே பார்ப்பது ஒரு கட்டிடத்தால் மக்கள் எத்தனை கிலோமீற்றர் கூட வாகனம் ஓட்ட வேண்டிவரும் என்பதை. மாநில வழிகாட்டல், இப்போதுள்ள ஆள்வீத ஓட்டத்தை விட 15 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்ற அளவைப் பரிந்துரைத்தது.

அந்த அளவுகோலை நமது மண்டபத்துக்கு வைத்துப் பார்த்தால் கதை திரும்புகிறது. "இந்த ஒழுங்கை வேண்டாம், ஊருக்கு வெளியே ஏ-9 ஓரமாக எட்டுக் கிலோமீற்றர் தள்ளிக் கட்டட்டும்" என்று அனுப்பிவிட்டோம் என்று வைப்போம். கார், வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் 135. போக எட்டு, வர எட்டு. ஒரு கலியாணத்துக்கு 2,160 வாகனக் கிலோமீற்றர் கூடுகிறது. நடந்தும் சைக்கிளிலும் வந்திருக்கக்கூடிய அயலவர் எல்லாரும் வாகனம் பிடிக்க வேண்டும். இரவு வரவேற்பு முடிந்து மோட்டார் சைக்கிளில் பெருந்தெருவால் திரும்புவது பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சந்தி 'பி'யாகவே இருக்கும், குடாநாடு மொத்தமாகத் தோற்கும்.

ஆனால் கிலோமீற்றர் அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவும் எனக்கு மனமில்லை. ஊர் நடுவில் கட்டுகிற எதற்கும் அது எளிதாகத் தலையாட்டிவிடும். ஞாயிறு காலை 9.15க்கு ரியூசன் வாசலில் சைக்கிளோடு நிற்கிற பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தக் கணக்கிலும் இல்லை. கார் அலகு அட்டவணையில் அந்தப் பிள்ளைக்கு ஓர் எண் உண்டு: சைக்கிள் 0.4, கூட்டத்தில் 0.5. அது அந்தப் பிள்ளை காருக்கு எவ்வளவு இடைஞ்சல் என்ற அளவு. வான் பின்னால் எடுக்கும்போது பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு எந்த நிரலும் இல்லை. தரைமட்டமான இந்தக் குடாநாட்டில், சைக்கிளிலேயே ஒரு தலைமுறை படித்து முன்னேறிய ஊரில், அந்த நிரல்தான் முதலில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என்ன நடந்தது

மண்டபத்தை எதிர்ப்பதில்லை என்று கூட்டம் தீர்மானித்தது. சிலர் மனமில்லாமல்தான் சம்மதித்தார்கள். நாங்கள் எழுத்தில் கேட்டவை நான்கு. படலையை ஒழுங்கையிலிருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டும், வரிசை காணிக்குள் நிற்க வேண்டும், ஒழுங்கையில் அல்ல. ஓட்டோ உள்ளே வந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போக ஒரு வட்டம் வேண்டும். ரியூசன் விடும் நேரத்தில் வாசலில் மண்டபத்தின் ஆட்கள் இருவர் நிற்க வேண்டும். நான்காவது, மண்டபம் திறந்து ஒரு வருடத்துக்குள் முகூர்த்த நாள் ஒன்றில் மறுபடி எண்ண வேண்டும், முன்கணிப்போடு ஒப்பிட வேண்டும், தேவையானால் நிபந்தனையைத் திருத்த வேண்டும்.

எங்கே கேட்பது என்பதே ஓர் அலைச்சலாகிவிட்டது. ஒழுங்கை மாநகர சபைக்கு உரியது. பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் மாகாணத் திணைக்களத்திடமும் பிரிந்து கிடக்கின்றன. கட்டிட அனுமதிக்குப் பின்னால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் நிற்கிறது. கட்டிடம் ஒருவரின் எல்லையில், நெரிசல் இன்னொருவரின் எல்லையில்.

கட்டுபவர் எங்களோடு இருந்து பேசினார். நல்ல மனிதர். படலையைத் தள்ள உடனே ஒத்துக்கொண்டார். ஓட்டோ வட்டத்துக்காக ஏழு கார் நிற்கும் இடத்தை இழக்க வேண்டியிருந்தது, அதற்கும் தலையசைத்தார். ஆட்களை நிறுத்துவது வாய்ச் சொல்லாக இருக்கிறது. முதல் இரண்டும் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனையாக ஏறின. நான்காவது ஏறவில்லை. "திறந்த பிறகு எண்ணுகிற வழக்கம் எங்களிடம் இல்லை" என்றார்கள் அனுமதி கொடுத்தவர்கள். எனக்கு மிகவும் வருத்தம் தந்த பதில் அதுதான். முன்கணிப்பு சரியா பிழையா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்காவிட்டால், அடுத்த அறிக்கைக்கும் அதே அமெரிக்க அட்டவணையைத்தான் திறப்பார்கள். யாழ்ப்பாணத்துக் கலியாண மண்டபம் ஒன்று எத்தனை வாகனத்தைக் கொண்டுவருகிறது என்ற எண் யாழ்ப்பாணத்தில் என்றைக்கும் உருவாகாது.

ஆகவே நாங்களே எண்ணப்போகிறோம். தாள் தயார். நேரம் ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்திருக்கிறது. பஸ், வான், கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் என்று நிரல்கள். முதல் நிரல் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு, இரண்டாவது நடந்து வருபவர்களுக்கு. கடைசியில், வரிசையின் வால் எந்த வீட்டு மதில் வரை நிற்கிறது என்று எழுத ஒரு கட்டம். ரியூசனில் உயர்தரம் படிக்கிற நான்கு பேர் நிற்க முன்வந்திருக்கிறார்கள். மண்டபக்காரர் தன் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து, வைகாசியில் இரண்டு நாளைக் குறித்துத் தந்திருக்கிறார். இரண்டும் ஞாயிறு.

"தேத்தண்ணி என்ர பொறுப்பு" என்றார் கடைக்கார அண்ணை. எழுதுகிற அட்டைகள் நான்கும் அவருடைய கடை மேசைக்குக் கீழேதான் இருக்கின்றன.